வன்னிக் கரையில் பறவையும் விலங்கும் படமெடுக்க: முதல் தடவை போகிறவர்களுக்கு

கமெராவோடு நான் முதன்முதல் மன்னாருக்குப் போனது ஒரு தை மாதக் காலை. தள்ளாடிச் சந்தி கழிந்து, தீவுக்குப் போகும் பாலத்து வீதியில் ஏறியதுமே வலப்பக்கத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. அவ்வளவு பூநாரைகளை ஒரே இடத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை. ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே அவற்றை நோக்கிச் சேற்றுக்குள் இறங்கினேன். சில நிமிடத்தில் முழங்கால் வரை புதைந்துவிட்டது. கூட்டம் முதலில் கழுத்தை நீட்டியது, பிறகு நடந்தது, பிறகு ஓடி எழும்பித் தூரப் போய்விட்டது. அன்று எடுத்த இருநூறு படத்திலும் இருந்தது பறவைகளின் பின்பக்கம்தான்.

மாலையில் அதே கரையில் கால் கழுவிவிட்டு, களைப்பில் ஒரு கல்லில் அரை மணி நேரம் சும்மா இருந்தேன். கமெரா பைக்குள் கிடந்தது. அப்போது சின்ன உள்ளான்கள் ஒவ்வொன்றாக நடந்து வந்து, எனக்கு ஐந்தாறு மீற்றர் தள்ளிச் சேற்றைக் குத்தித் தின்னத் தொடங்கின. காலையில் துரத்தித் துரத்திக் கிடைக்காதது மாலையில் தானாக வந்து முன்னால் நின்றது. அதற்குப் பிறகு நான் எந்தப் பறவையின் பின்னாலும் நடந்ததில்லை. எங்கே, எந்த நேரம், எந்தப் பக்கம் பார்த்து இருந்தால் பறவை உங்களை நோக்கி வரும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கமெரா அமைப்புகளையும் சொல்கிறேன், ஆனால் அவை இரண்டாவது.

எந்த மாதம் போவது

வலசைப் பறவைகள் புரட்டாதி, ஐப்பசியில் வந்து இறங்கத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் திரும்பும். மத்திய ஆசியப் பறப்புவழி என்று ஆய்வாளர்கள் சொல்லும் வழியில் வருகிறவற்றுக்கு இலங்கைதான் கடைசி நிலம். அதற்குத் தெற்கே வெறும் கடல். 2021இல் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்ச் சேர்ந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பாலத்தடியில் மீன் பொறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கடற்காகம் அவ்வளவு தூரம் போய் வருகிற பறவை. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

கார்த்திகையும் மார்கழியும் எங்களுக்கு மழைக்காலம். பறவை வந்திருக்கும், ஆனால் தரவை என்று நாங்கள் சொல்லும் கரையோர வெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து அவை பரந்து நிற்கும். நீண்ட கால் உள்ள பறவைக்கும் நிற்க ஓர் ஆழம் இருக்கிறது. உள்ளானுக்கு விரற்கடை ஆழம் போதும், பூநாரைக்கு முழங்காலளவு. மழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்ற, அந்த ஆழமுள்ள இடங்கள் சுருங்கும், பறவைகளும் அங்கே ஒன்றுகூடும். ஆகவே முதல் தடவை போகிறவர்கள் தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடிவுக்குள் போங்கள். ஒவ்வொரு வருடமும் மழை ஒரே மாதிரி இல்லை. புறப்பட முதல் மன்னாரில் தெரிந்த ஒருவரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிடுங்கள். பறவை நிற்கிறதா என்று கேட்பதைவிட அது பயன்படும்.

என்ன கொண்டுபோவது

தூரத்துப் பறவைக்கு 400 மில்லிமீற்றர் அளவு லென்ஸ் வேண்டும். 100-400, 150-600 போன்ற சூம் லென்ஸ்கள் பழையதாகவும் கிடைக்கும். கமெரா புதிதாக இருக்க வேண்டியதில்லை. சின்ன சென்சர் உள்ள கமெரா என்றால் 400 மில்லிமீற்றர் ஏறத்தாழ 600 போலத் தெரியும், இந்த வேலைக்கு அது நல்லதுதான். போன் மட்டும் வைத்திருக்கிறவர்கள் ஒரு 8x42 (எட்டு மடங்கு பெருப்பிக்கும்) தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு போங்கள். பறவையைத் தொலைநோக்கியால் பாருங்கள். போனால் இடத்தை எடுங்கள். விடியலில் தண்ணீர், வானம், நடுவில் சிறு புள்ளிகளாக ஒரு கூட்டம். அப்படி ஒரு படத்துக்கு ஒரு பறவையின் முகத்தைவிட அதிகம் சொல்ல முடியும்.

முக்காலியை நான் கொண்டுபோவதில்லை. பழைய டெனிம் களிசான் ஒன்றின் காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, இரண்டு மூன்று கிலோ அரிசி போட்டு மற்ற முனையையும் தைத்துவிடுங்கள். ஓட்டோவின் கம்பியிலும், வான் கதவிலும், பாலத்துக் கட்டிலும், தரையிலும் வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்தலாம். முக்காலியை விரிக்கும்போது மூன்று கால் அசைவதைக் கண்டே பாதிப் பறவை போய்விடும். அரிசிப் பை அசையாது.

மண் நிற உடுப்பு, தொப்பி, இரண்டு போத்தல் நல்ல தண்ணீர் (ஒன்று குடிக்க, ஒன்று உப்புத் துடைக்க), பெரிய சொப்பிங் பை இரண்டு, மெல்லிய பருத்தித் துணி, காற்று ஊதும் ரப்பர் பந்து. இவ்வளவும் போதும். வெள்ளை சேட்டு மட்டும் வேண்டாம்.

வீட்டிலேயே பழக வேண்டியது

மன்னாரில் போய் நின்றுகொண்டு கமெராவின் பொத்தானைத் தேடக் கூடாது. போவதற்கு முன் ஒரு கிழமை வீட்டு முற்றத்தில் காகத்தையும் மைனாவையும் எடுத்துப் பழகுங்கள். பறக்கும் காகத்தைச் சட்டத்துக்குள் வைத்திருக்க முடிந்தால் பூநாரை சுலபம். 

தொடக்கத்துக்கு இப்படி வையுங்கள். மனுவல் முறை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) மட்டும் தானாக. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 வினாடி, நின்று மேயும் பறவைக்கு 1/800. அப்பேர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 6.3 அல்லது 7.1. போகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில். படங்கள் தொடராக விழும் முறையில். கோப்பு ரோ (RAW, கமெரா சுருக்காமல் பதியும்) வடிவத்தில், ஏனென்றால் வெள்ளைச் சிறகில் விவரம் போய்விட்டால் ஜேபெக்கில் அதைத் திருப்பி எடுப்பது கடினம்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது வெளிச்ச அளவில்தான். கமெரா எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். கருந்தண்ணீரின் நடுவில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், தண்ணீரை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கை வெறும் வெள்ளைக் கடதாசியாக்கிவிடும். அப்போது கமெராவின் +/- அளவில் வெளிச்சத்தை 0.7 அல்லது 1 குறையுங்கள். அதே கொக்கு வெளுத்த வானத்தில் பறந்தால் கறுத்துப் போகும். அப்போது 1 கூட்டுங்கள். முதல் இரண்டு படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, சிறகில் வரிகள் தெரிகின்றனவா என்று சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள்.

மன்னார் நகரத்துக்குள் சுற்றித் திரியும் கழுதைகளும் நல்ல வாத்தியார்கள். காட்டு விலங்கு என்று சொல்ல முடியாது, ஆனால் கிட்டப் போக விடும், மாலை வெயிலில் அவற்றின் காது மயிர் பொன்னாகத் தெரியும். போன அன்று பின்னேரம் அரை மணி நேரம் அவற்றோடு செலவழியுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள்.

காற்றும் சூரியனும்

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று வருடம் போன பிறகுதான் பிடிபட்டது.

பறவை எழும்புவது காற்றுக்கு எதிராக. இறங்குவதும் காற்றுக்கு எதிராக. காற்றுப் பலமாக இருந்தால் நிற்பதுகூட அலகைக் காற்றுக்குக் காட்டியபடிதான், இல்லாவிட்டால் இறகு கலைந்துவிடும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் உங்களுக்குத் தெரியும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் பின்பக்கம்தான் கிடைக்கும். முதல் நாள் எனக்கு நடந்தது அதுதான்.

தை, மாசியில் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து. காலைச் சூரியனும் கிழக்குப் பக்கம். இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்து இருந்தால், வெளிச்சம் பறவையின் மேல் நேராக விழும், பறவையும் உங்கள் பக்கம் பார்த்தபடி இருக்கும், எழும்பினாலும் உங்களைச் சாய்ந்தபடிதான் வரும். மாலையில் இது நடக்காது. சூரியன் மேற்கே போய்விட, காற்று வடகிழக்கிலேயே நிற்கும். ஒன்றை முதுகில் வைத்தால் மற்றது முகத்தில். அதனால்தான் வாடைக் காலத்தில் ஒரு காலைக்கு இரண்டு மாலை ஈடாகாது என்று சொல்கிறேன். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும், அப்போது மாலையே நல்லது.

காற்றுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எங்கள் பக்கம் கடல் வற்றும் பெருக்கும் சிறியது. ஆழமில்லாத நீரேரிகளில் தண்ணீரைத் தள்ளுவது பெரும்பாலும் காற்றுத்தான். இரவு முழுக்க வாடை அடித்தால் ஒரு பக்கக் கரை வெளித்து ஈரச் சேறு தெரியும். அந்தப் புதுச் சேற்றில்தான் விடிய உள்ளான்கள் கூடும். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கவில்லை என்று மனம் தளராதீர்கள், தண்ணீர் எங்கே நகர்ந்தது என்று பாருங்கள்.

பாலத்தடியில் ஒரு காலை

வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டயர். 2010இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பெரும் வசதி, மன்னார்த் தீவுக்குப் போகும் பெருவீதியிலிருந்தே பார்க்கலாம். வீதி தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் போகிறது. ஆகவே காலையில் தென்மேற்குப் பக்கத் தண்ணீர், மாலையில் வடகிழக்குப் பக்கத் தண்ணீர். பஸ்ஸும் லொறியும் வேகமாக வரும் வீதி. வாகனத்தை நன்றாக ஓரங்கட்டி, வீதிப் பக்கம் இறங்காமல் தண்ணீர்ப் பக்கம் இறங்குங்கள். சோதனைச்சாவடி, முகாம் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம். யாராவது வந்து கேட்டால் எடுத்த படத்தைக் காட்டி, பறவை பார்க்க வந்தோம் என்று மரியாதையாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள்.

6 மணிக்கு இடத்தில் இருங்கள். தையில் சூரியன் ஆறரை அளவில்தான் எழும்பும். இருட்டோடு போய் இருந்துவிட்டால், வெளிச்சம் வரும்போது நீங்கள் அந்த இடத்தின் ஒரு பகுதியாகிவிடுவீர்கள். வெளிச்சத்தில் நடந்து வந்து அமர்கிற ஆளைப் பறவை மறப்பதற்கு நேரம் எடுக்கும். அரிசிப் பையை நிலத்தில் வையுங்கள், வயிறு படப் படுங்கள், அல்லது குந்தி இருங்கள். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு வந்தால், பின்னணி தூரத்துக்கு ஓடி மங்கலாகி, பறவை தனியாக எழுந்து நிற்கும். நின்ற நிலையில் எடுத்தால் சேறுதான் பின்னணி.

7 முதல் 9 வரைதான் உங்கள் நேரம். பூநாரை தலையைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, காலால் சேற்றைக் கலக்கி மேயும். அதை எடுப்பது சுலபம், ஆனால் முகம் தெரியாது. பொறுத்திருந்தால் இடையிடையே தலையைத் தூக்கும், அலகிலிருந்து தண்ணீர் வடியும். விரல் பொத்தானில் இருக்க வேண்டியது அப்போது. மண்ணிறச் சாம்பலாக நிற்பவை இளசுகள். அவற்றை ஒதுக்காதீர்கள், கூட்டத்தில் நிறப் பேதம் நன்றாக இருக்கும். பூநாரைக்கு அப்பால் ஊசிவால் தாரா, கரண்டிவாயன், நெடுங்கால் உள்ளான், நீண்ட நேரான அலகுள்ள கருவால் மூக்கன் கூட்டங்கள், மணல் பக்கம் போனால் கறுப்பும் வெள்ளையுமாக நண்டு தின்னி. கடைசியாகச் சொன்னதற்காகவே தூரத்து ஆட்கள் மன்னாருக்கு வருகிறார்கள். தடித்த கறுத்த அலகு, நீலச் சாம்பல் கால். நண்டைப் பிடித்தால் அப்படியே விழுங்காமல் அடித்து உடைத்துத் தின்னும். அதை எடுக்க ஒரு முழுக் காலை இருக்கலாம்.

பறவை பேசுவதைக் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி வைத்தபடி நின்றால் அது உங்களைப் பார்க்கிறது. எல்லாம் ஒரே பக்கம் மெல்ல நடக்கத் தொடங்கினால் அவை போகப் போகின்றன. ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. இதில் எதைக் கண்டாலும் அப்படியே நில்லுங்கள், குனிந்து இருங்கள், பத்து நிமிடம் அசையாதீர்கள். திரும்ப மேயத் தொடங்கினால்தான் கமெராவைத் தூக்க வேண்டும்.

பறக்கும் படம் வேண்டுமென்று கல் எறிகிறவர்களை, ஓட்டோ ஹோனை அமத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போவதற்கு இந்தப் பறவைகள் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டியது இந்தச் சேற்றில்தான். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதில் கொஞ்சத்தைப் பறிக்கிறோம். மன்னார்ப் பக்கத்தில் பூநாரைகள் மின்கம்பிகளில் மோதி இறந்திருக்கின்றன. மங்கல் வெளிச்சத்தில் பயந்து எழும்பும் பறவைக்குக் கம்பி தெரியாது. பறக்கும் படம் வேண்டுமென்றால் காத்திருங்கள். ஒரு கடற்பருந்து மேலே வட்டமிட்டால் போதும், தானாக எழும்பும். அப்போது காற்று உங்கள் முதுகில் இருந்தால் படம் உங்களுடையது.

9 மணிக்குப் பிறகு கானல் எழும்பும். சூடான நிலத்துக்கு மேல் காற்று அலையும், தூரத்துப் பறவை நெளியும், எந்த விலை லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. போகஸ் பிழை என்று நினைத்து லென்ஸோடு மல்லுக்கட்டாதீர்கள். கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள்.

வீதியோரம்: ஓட்டோதான் மறைவிடம்

தள்ளாடியிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதி விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் வழியாகப் போகிறது. ஒரு பக்கம் வயலும் பற்றையும், மற்றப் பக்கம் கண்டல் காடும் தரவையும். கம்பிகளில் பனங்காடை, பஞ்சுருட்டான், கரிச்சான். பனை மரங்களில் பருந்து. இவை வாகனத்துக்குப் பயப்படாது, வாகனத்திலிருந்து இறங்கும் ஆளுக்குத்தான் பயப்படும். ஆகவே இறங்காதீர்கள். ஓட்டோக்காரரிடம் புறப்படும்போதே விளங்கப்படுத்துங்கள்: "தம்பி, நான் தோளில தட்டினா மெல்ல ஓரங்கட்டி எஞ்சினை நிப்பாட்டுங்கோ, நீங்களும் இறங்க வேண்டாம்." எஞ்சின் ஓடினால் படம் ஆடும். நாள் வாடகை பேசிக்கொண்டு போங்கள், கிலோமீற்றருக்குப் பேசினால் அவருக்கு நிற்பது நட்டம், அவசரப்படுத்துவார்.

பனங்காடை இருந்த இடத்துக்கே திரும்ப வரும் பழக்கமுள்ளது. நிலத்தில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்கு ஏறும். இறங்கியதும் பின்னால் கமெராவைக் கொண்டுபோகாமல் கம்பியிலேயே போகஸை வைத்திருங்கள். திரும்பி வந்து சிறகை விரித்து அமரும்போது அந்த நீலம் முழுதாகத் தெரியும். சூரியன் உள்ள பக்கம் வாகனம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

குளக்கட்டில்

மாலைக்குக் குளம் நல்லது. முருங்கன் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம், கிளிநொச்சிப் பக்கம் இரணைமடு. தாமரை இலைகளுக்கு மேல் நீளவால் இலைக்கோழி நடக்கும், நீர்க்காகம் சிறகைக் காயவைக்கும், நத்தை குத்தி நாரை அலகு நடுவில் இடைவெளியோடு நிற்கும், கூழைக்கடாக்கள் வரிசையாக மீன் வளைக்கும். குளக்கட்டில் உயரத்தில் நிற்கிறபடியால் பறவை கீழே தெரியும். கட்டின் சரிவில் கொஞ்சம் இறங்கிக் குந்தினால் சரி.

ஆனால் கடற்கரையில் படுத்தது போல் குளத்தோரம் படுக்காதீர்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. நீர்மட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் லென்ஸுக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அது வருவது தெரியாது. குளிக்கிற சனம் எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்து, அவர்களிடம் கேளுங்கள். தண்ணீரிலிருந்து சில மீற்றர் தள்ளி, மேட்டில் இருங்கள். முதலையையே எடுக்க வேண்டுமா, எதிர்க் கரையிலிருந்து எடுங்கள். காலை வெயிலுக்கு வாயைத் திறந்தபடி கிடக்கும்.

காட்டு விலங்குகள்

கரைப் பயணத்தில் விலங்கு என்பது பெரும்பாலும் நரி, உடும்பு, முயல், கீரி, மந்தி. விடிய முதல் வெளிச்சத்தில் தரவையில் நரி நண்டு தேடி நடக்கும். அதற்கு மோப்பம் கூர்மை. காற்று முதுகில் இருக்க வேண்டும் என்று பறவைக்குச் சொன்னது இங்கே செல்லாது. நரிக்குக் காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும்.

யானைக்குத் தனியே ஒன்றுதான் சொல்வேன். வன்னிக் காட்டு வீதிகளில் பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். பகலில் கண்டால் வாகனத்துக்குள்ளேயே இருங்கள், எஞ்சினை நிற்பாட்ட வேண்டாம், திரும்பிப் போகும் வழியை மறிக்காமல் நில்லுங்கள். காது விரிந்து அசையாமல் நின்றால், வாலைத் தூக்கினால், காலால் மண்ணை உதைத்தால் படம் போதும், பின்வாங்குங்கள். குட்டியோடு நிற்பதை நெருங்கவே வேண்டாம்.

மடுவீதி, சுண்டிக்குளம், ஆதாம் பாலம் ஆகியவை 2015இல் தேசியப் பூங்காக்களாக்கப்பட்டவை. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைச் சரணாலயம். இவற்றுக்குள் போக வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளுக்கு, யாராவது வள்ளத்தில் கொண்டுபோகிறேன் என்றாலும், அனுமதியில்லாமல் ஏறாதீர்கள். அங்கே ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிடும். ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பறவைக்கு அது பருந்து, காவலில் நிற்கிறவர்களுக்கு அது வேறொன்று.

கால் வைக்கக் கூடாத இடங்கள்

இந்த மண்ணில் யுத்தம் நடந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடும் மிதிவெடி அபாயம் என்ற எழுத்தும் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. ஆனையிறவுப் பக்கம், முல்லைத்தீவுப் பக்கம், கரையோரப் பற்றைகளில் பலகை இல்லாத இடத்திலும், மாடு நடந்த தடமும் ஆள் நடந்த பாதையும் இல்லாவிட்டால் உள்ளே போகாதீர்கள். பறவையின் மேல் கண் வைத்துக்கொண்டு நடக்கிற ஆளுக்கு நிலம் தெரியாது. ஊர் ஆட்களிடம் கேளுங்கள்: "அண்ணை, இந்தப் பக்கம் போகலாமோ?" இல்லை என்றால் இல்லைதான்.

நந்திக்கடலில், வட்டுவாகல் பாலத்தடியில் மிக அழகான வெளிச்சம் விழும், பறவைகளும் கிட்ட நிற்கும். ஆனால் 2009 மே மாதத்தில் அந்தத் தண்ணீரையும் அந்தக் கரையையும் கடந்து வந்தவர்கள் அதைச் சுற்றியே வாழ்கிறார்கள், வரமுடியாமல் போனவர்களை அங்கேயே நினைக்கிறார்கள். அங்கே போனால் சத்தம் போடாமல், சிரித்துக் கும்மாளமிடாமல், கரையில் நிற்கிறவர்களைப் படமெடுக்காமல் பறவையை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். மே நடுப்பகுதியில் கமெராவோடு போக வேண்டாம்.

கடற்கரையில் வலை இழுப்பவர்களையும் வாடியில் கருவாடு காயப்போடுகிறவர்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள். எடுத்தால், அடுத்த தடவை போகும்போது ஒரு பிரதியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் அப்படி ஒன்று கொடுத்த வீட்டிலிருந்துதான் இப்போது பறவை எங்கே நிற்கிறது என்று எனக்குப் போன் வருகிறது.

வாடை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் சின்ன ஆலாவும் வெறும் தரையில் முட்டையிடும். முட்டை மண்ணின் நிறத்தில் புள்ளி போட்டிருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு பறவை உங்கள் தலைக்கு மேல் கத்திச் சுற்றினால், அல்லது சிறகு முறிந்தது போல் இழுத்து நடந்தால், பக்கத்தில் கூடு இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்புங்கள். தாய் எழும்பி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும். கூட்டுப் படம் எடுக்கவே வேண்டாம், எடுத்தவர் யாராவது இடத்தைச் சொன்னாலும் மற்றவருக்குச் சொல்ல வேண்டாம்.

திரும்பி வந்த இரவு

அறைக்கு வந்ததும் முதலில் கமெராவைப் பாருங்கள், பிறகு சாப்பாடு. வாடையில் உப்பு இருக்கும். லென்ஸ் கண்ணாடியைத் துணியால் தொடு முன் ரப்பர் பந்தால் ஊதுங்கள். மணல் துகளோடு துடைத்தால் கீறிவிடும். வெளிப்பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. அரிசிப் பையையும் உதறிக் காற்றில் போடுங்கள், ஈரமானால் அரிசி மணக்கும். படங்களை இரண்டு இடத்தில் பதியுங்கள். அதற்குப் பிறகு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இடம், நேரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்த அளவு, என்ன பறவை எத்தனை. அடுத்த வருடம் எங்கே போவது என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும். தையில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். எண்ணிப் பழகியவர்கள் அதில் சேர்ந்து உதவலாம்.

படங்களைப் பார்க்கும்போது பறவையின் முகத்தோடு நிறுத்தாதீர்கள். கால்களைப் பெருப்பித்துப் பாருங்கள். சில உள்ளான்கள், ஆலாக்கள், கடற்காகங்களின் காலில் நிற வளையமோ எழுத்துப் போட்ட சின்னக் கொடியோ இருக்கும். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொண்டு, வளையம் இடும் ஆய்வாளர்களுக்குப் படத்தோடு அனுப்புங்கள். படம் மங்கலாக இருந்தாலும் எழுத்து வாசிக்க முடிந்தால் அனுப்புங்கள். அந்தப் பறவையை எங்கே, எந்த வருடம் பிடித்து விட்டார்கள் என்று பதில் வரும்.